விசா இன்டர்வியூ முடிஞ்சாச்சு, முடிவு வரல: பேப்பர் எப்போ போடணும்?



போன வருஷம் ஒரு சனிக்கிழமை என் ஆபீசுக்கு ஒரு பொண்ணு வந்தாங்க. ஓஎம்ஆர்ல ஒரு ஐடி கம்பெனியில வேலை, வயசு 28. கணவர் அமெரிக்கக் குடிமகன், டெக்சாஸ்ல இருக்கார். கல்யாணமாகி 19 மாசம். அந்த வாரம்தான் மும்பை போய் ஸ்பவுஸ் விசா இன்டர்வியூ முடிச்சிட்டு வந்திருந்தாங்க.

"இன்டர்வியூ நல்லாத்தான் போச்சு சார். கடைசியில ஒரு தாளைக் கொடுத்து, கேஸை இன்னும் பார்க்கணும்னு சொல்லிட்டாங்க. வெப்சைட்ல போட்டுப் பார்த்தா 'ரெஃப்யூஸ்டு'ன்னு வருது" என்றார்.

அது பெரும்பாலும் இறுதி மறுப்பு இல்ல, பயப்படாதீங்கன்னு சொல்ல ஆரம்பிச்சேன். முடிக்க விடல.

"என் பயம் அது இல்ல சார். இன்டர்வியூ தேதி வந்த உடனே பேப்பர் போட்டுட்டேன். 90 நாள் நோட்டீஸ்ல 60 நாள் முடிஞ்சு போச்சு. இன்னும் முப்பது நாள்ல கடைசி நாள்."

இந்தக் கட்டுரை அந்த முப்பது நாளைப் பத்தினது. விசா கிடைக்குமா, எப்போ கிடைக்கும்னு என்னால சொல்ல முடியாது. நான் இமிக்ரேஷன் வக்கீல் இல்ல, ஆடிட்டர். ஆனா அந்தப் பதில் வர்ற வரைக்கும் உங்க சம்பளம், பிஎஃப், கிராஜுவிட்டி, அப்பா அம்மா இன்சூரன்ஸ், வரி இதெல்லாம் என்ன ஆகும்னு கணக்குப் போட்டுக் காட்ட முடியும்.

ஒரே ஒரு விஷயம் மட்டும் ஞாபகம் வெச்சா போதும்னு கேட்டீங்கன்னா, இதுதான்: விசா ஒட்டின பாஸ்போர்ட் கைக்கு வர்ற வரைக்கும், திரும்ப மாத்த முடியாத எந்த முடிவும் எடுக்காதீங்க. இது என் சொந்தக் கருத்து மட்டும் இல்ல. அமெரிக்க வெளியுறவுத் துறையே குடியேற்ற விசா கேட்பவர்களுக்குச் சொல்ற அறிவுரைதான்: விசா கையில் கிடைக்கும் வரை வீடு, கார், சொத்து விற்காதீர்கள், வேலையை ராஜினாமா செய்யாதீர்கள், பணம் திரும்பக் கிடைக்காத விமான டிக்கெட் எடுக்காதீர்கள்.

எல்லாரும் படிக்கிறாங்க. ஆனா "நம்ம கேஸ் க்ளீன் கேஸ்"னு நினைச்சுட்டு விட்டுடுறாங்க.

முதல்ல, இன்டர்வியூக்கு அப்புறம் என்ன நடக்குது?

ஐ-130 மனு, அப்புறம் நேஷனல் விசா சென்டர், டிஎஸ்-260 படிவம், கணவரோ மனைவியோ கொடுக்கிற ஐ-864 ஆதரவுப் பத்திரம், மெடிக்கல்... இதையெல்லாம் தாண்டித்தான் மும்பை வந்திருப்பீங்க. இன்டர்வியூ முடிஞ்சதும் பொதுவா மூணுல ஒண்ணு நடக்கும்.

ஒண்ணு, அங்கேயே அப்ரூவ்டுன்னு சொல்லி பாஸ்போர்ட்டை வாங்கி வெச்சுக்குவாங்க. கொஞ்ச நாள்ல விசாவோட திரும்ப வரும்.

ரெண்டு, 221 ஜி என்கிற தாளைக் கொடுத்து, குறையுற ஆவணத்தைக் கேட்பாங்க. திருமணப் பதிவுச் சான்றுல பேர் வித்தியாசம், ஸ்பான்சரோட வரி ஆவணம், வருமானம் போதலன்னா கூட்டு ஸ்பான்சர், இப்படி ஏதாவது இருக்கலாம். ஸ்பான்சரோட வருமானம், குடும்ப அளவுக்கு ஏத்த வறுமைக்கோட்டு வரம்பில் 125 சதவீதமாவது இருக்கணும். ரெண்டு பேர் குடும்பத்துக்கு 2025 வரம்புப்படி இது வருஷத்துக்குச் சுமார் 26,437 டாலர். சமீபத்துல வேலை மாறின கணவர்னா இந்த இடத்துலதான் கேள்வி வரும்.

மூணு, அதே 221 ஜி தாள், ஆனா உங்ககிட்ட எதுவும் கேட்க மாட்டாங்க. "அட்மினிஸ்ட்ரேடிவ் ப்ராசஸிங்"னு சொல்வாங்க. கூடுதல் சரிபார்ப்பு. இதுக்கு முடிவு தேதி கிடையாது. சிலருக்குச் சில வாரம், சிலருக்குப் பல மாசம்.

ரெண்டாவது, மூணாவது வகையில வெப்சைட்ல "ரெஃப்யூஸ்டு"ன்னு காட்டும். சட்டப்படி அன்னைக்கு விசா கொடுக்கலன்னு மட்டும்தான் அதுக்கு அர்த்தம். அப்புறம் அதே கேஸ் "இஷ்யூட்"னு மாறுறது சகஜம். ஆனா ஆவணம் கேட்டிருந்தா, ஒரு வருஷத்துக்குள்ள கொடுத்தே ஆகணும். தவறினா, விண்ணப்பத்தைப் புதுசா போட்டு கட்டணத்தையும் திரும்பக் கட்ட வேண்டி வரும். அதனால அந்தத் தாளை போட்டோ எடுத்து வெச்சுக்கோங்க. அதுல என்ன கேட்டிருக்காங்க, எந்தத் தேதி, என்ன கேஸ் நம்பர்னு உங்க துணைக்கும் ஒரு காப்பி அனுப்பிடுங்க.

காத்திருப்புல ஒரே ஒரு தேதிதான் உங்க கையில இருக்கு

விசா எப்போ வரும்னு யாருக்கும் தெரியாது. ஆனா நீங்க மெடிக்கல் பண்ணின தேதி உங்களுக்குத் தெரியும். நம்ம கணக்கு அங்கிருந்துதான் ஆரம்பிக்குது.

குடியேற்ற விசாவுக்கான மெடிக்கல் பொதுவா 6 மாசம் செல்லும் (சில உடல்நிலைக் காரணங்களுக்கு 3 மாசம்தான்). விசாவோட கடைசி நாளும் பொதுவா இதை ஒட்டித்தான் அமையும். அந்த நாளுக்குள்ள நீங்க அமெரிக்காவுக்குள்ள நுழைஞ்சாகணும்.

இப்போ உங்க நோட்டீஸ் காலத்தை இதுக்குப் பக்கத்துல வெச்சுப் பாருங்க. உதாரணத்துக்கு, ஜனவரி 10 மெடிக்கல், பிப்ரவரி 5 இன்டர்வியூ, 90 நாள் நோட்டீஸ்னு வெச்சுக்குவோம். மெடிக்கல் ஜூலை 9 வாக்குல முடியும்.

நிலைமை 1: பிப்ரவரி 25 பாஸ்போர்ட் கைக்கு வருது. அன்னைக்கே பேப்பர் போட்டா மே 26 கடைசி நாள். கிளம்ப ஆறு வாரம் மிச்சம். எந்தப் பிரச்சினையும் இல்ல.

நிலைமை 2: மே 2 பாஸ்போர்ட் வருது. அன்னைக்குப் பேப்பர் போட்டா 90 நாள் முடிய ஜூலை 31 ஆகும். ஆனா ஜூலை 9க்குள்ள போய்ச் சேரணும். பெட்டி கட்ட ஒரு வாரம் விட்டா, ஜூலை 3ஆவது கடைசி நாளா இருக்கணும். 28 நாள் இடிக்குது.

நிலைமை 3: ஜூலை 9 தாண்டியும் முடிவு வரல. பெரும்பாலும் மறுபடி மெடிக்கல் பண்ணச் சொல்வாங்க. செலவுதான், ஆனா 6 மாசக் கணக்கு புதுசா ஆரம்பிக்கும். நோட்டீஸுக்கு மறுபடி நேரம் கிடைக்கும்.

கவனிச்சீங்களா? மூணு நிலைமையில ரெண்டுல, முன்னாடியே பேப்பர் போடத் தேவையே இல்ல. இடிக்கிறது நிலைமை 2 மட்டும்தான். அதுக்கு விலை என்ன?

அந்தப் பொண்ணோட கணக்கையே எடுத்துக்குவோம். மாசம் 72,000 ரூபாய் சம்பளம், அதுல பேசிக் 36,000. 28 நாள் நோட்டீஸை பணம் கொடுத்து வாங்கினா, கம்பெனி மொத்த சம்பளத்துல கணக்குப் போட்டா 67,200 ரூபாய். பேசிக்ல மட்டும் போட்டா 33,600. எதுல போடுவாங்கன்னு உங்க ஆஃபர் லெட்டர்லயே இருக்கும், இன்னைக்கே எடுத்துப் பாருங்க. மிச்சம் இருக்கிற லீவை நோட்டீஸ்ல கழிச்சுக்கிற கம்பெனியும் உண்டு. வேலையை ஒழுங்கா ஒப்படைச்சா, மேனேஜர் கையெழுத்துல நாலு வாரம் குறைய வாய்ப்பும் இருக்கு.

ஆக, பாஸ்போர்ட் வர்ற வரைக்கும் பொறுத்து பேப்பர் போட்டா, இந்த உதாரணத்துல உங்களுக்கு ஆகக்கூடிய அதிகபட்சச் செலவு 67,200 ரூபாய். அதுவும் நிலைமை 2 வந்தா மட்டும். முன்னாடியே பேப்பர் போட்டா ஆகக்கூடிய நஷ்டத்துக்கு உச்சவரம்பே இல்ல. மாசம் 72,000 வீதம் ஓடிக்கிட்டே இருக்கும். இந்த ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல எழுதிப் பார்த்தாலே முடிவு தெரிஞ்சிடும்.

சம்பளம் மட்டும்தான் போகும்னு நினைக்காதீங்க

கிராஜுவிட்டி: வழக்கமான நிரந்தர ஊழியருக்கு 5 வருஷத் தொடர் சேவை வேணும். கணக்கு சுலபம்: கடைசி பேசிக் (டிஏ இருந்தா அதையும் சேர்த்து) × 15 ÷ 26 × வருஷம். 36,000 பேசிக்குக்கு 5 வருஷம்னா 1,03,846 ரூபாய். நாலரை வருஷத்துல அவசரப்பட்டு வெளியே வந்தா அந்தப் பணம் இல்ல.

பிஎஃப்: 5 வருஷத் தொடர் சேவை முடியாம எடுத்தா வரி உண்டு. பழைய கம்பெனி பிஎஃப்பை இப்போதைய கணக்குக்கு மாத்தியிருந்தா அந்தச் சேவையும் சேரும். இன்னும் மாத்தலைன்னா, காத்திருக்கிற இந்த நேரத்துல முடிச்சிடுங்க. அமெரிக்காவுல உட்கார்ந்துக்கிட்டு இங்க ஓடிபி வாங்குறது எவ்வளவு கஷ்டம்னு போனவங்களைக் கேட்டுப் பாருங்க.

குரூப் இன்சூரன்ஸ்: இதுதான் நிறைய பேர் கவனிக்காத இடம். கம்பெனி பாலிசியில அப்பா அம்மாவைச் சேர்த்திருப்பீங்க. நீங்க வெளியே வந்தா அவங்களும் வெளியே. புதுசா தனி பாலிசி எடுத்தா, ஏற்கெனவே இருக்கிற நோய்க்குக் காத்திருப்புக் காலம் 3 வருஷம் வரைக்கும் வைக்கலாம். அந்தப் பொண்ணோட அப்பாவுக்குச் சுகர், வயசு 61. "நான் போறதைப் பத்தியே யோசிச்சேன் சார், அப்பா கார்டு என் ஐடி கார்டோட ஒட்டிக்கிட்டு இருக்குன்னு யோசிக்கல" என்றார்.

அதனால விசா வருதோ இல்லையோ, அப்பா அம்மாவுக்குத் தனி பாலிசியை இப்பவே எடுத்துடுங்க. காத்திருப்புக் காலம் இன்னைக்கே ஓட ஆரம்பிக்கும். இடையில கம்பெனி பாலிசி கைகொடுக்கும். குரூப் பாலிசியிலிருந்து அதே இன்சூரன்ஸ் கம்பெனியோட தனி பாலிசிக்கு மாற வழி இருக்கான்னும் எச்ஆர்கிட்ட கேளுங்க.

ரெண்டு வீட்டுச் செலவு

காத்திருக்கிற காலத்துல குடும்பம் ஒண்ணு, அடுப்பு ரெண்டு. அங்க வாடகை, இங்க வாடகை. வருஷத்துக்கு ஒரு தடவையாவது ஒருத்தர் பறந்து வரணும். டூரிஸ்ட் விசாவுல நீங்க அங்க போய்ட்டு வரலாம்னு நினைச்சா, குடியேற்ற விசாவுக்கு மனு போட்டிருக்கிறவருக்கு அது கிடைக்கிறது கடினம். அதனால பயணச் செலவு பெரும்பாலும் அங்க இருக்கிறவர் தலையிலதான் விழும்.

இதுக்குத் தனியா ஒரு "காத்திருப்பு நிதி" வையுங்க. வழக்கமான 6 மாச அவசர நிதியில கை வைக்காதீங்க. காத்திருப்பு நிதியில என்னென்ன வரணும்? மறுபடி ஒரு மெடிக்கல், மும்பைக்கு இன்னொரு தடவை போய் வர்ற செலவு, ஒரு வழி டிக்கெட், விசா வந்த பிறகு யூஎஸ்சிஐஎஸ்க்கு ஆன்லைன்ல கட்ட வேண்டிய குடியேற்றக் கட்டணம் 235 டாலர், நோட்டீஸ் வாங்குற பணம். சேவிங்ஸ் கணக்கோ, குறுகிய கால எஃப்டியோ போதும். இந்தப் பணத்தைப் பங்குச் சந்தையில போடாதீங்க.

"கணவர் அங்கிருந்து பணம் அனுப்பினா எனக்கு வரி வருமா?" அடிக்கடி வர்ற கேள்வி. கணவன் மனைவிக்குள் கொடுக்கிற பணத்துக்கு, எவ்வளவா இருந்தாலும், வாங்குறவருக்கு இந்தியாவுல வரி இல்ல. ஆனா அந்தப் பணத்தை எஃப்டியில போட்டு வட்டி வந்தா, அந்த வட்டி கொடுத்தவரோட வருமானத்துல சேரும். "எனக்குத்தான் வரி வரம்புக்குள்ள வருமானம், என் பேர்ல போட்டுடுவோம்"ங்கிற யோசனை இங்க செல்லாது. வீட்டுச் செலவுக்கு வாங்கினா கேள்வியே இல்ல. ஜிபே பண்ற நண்பர் மூலமா சுத்தி வாங்காம, நேரா உங்க வங்கிக் கணக்குக்கு அனுப்பச் சொல்லுங்க. நீங்க ரெண்டு பேரும் ஒரே குடும்பமா பணத்தைப் புழங்குறீங்கங்கிறதுக்கு அந்த ஸ்டேட்மென்ட்டே சாட்சி. நாளைக்கு கூடுதல் ஆவணம் கேட்டா உதவும்.

இந்தக் காலத்துல புதுசா எதிலேயும் பணத்தைப் பூட்டாதீங்க. 5 வருஷ வரி சேமிப்பு எஃப்டி, இஎல்எஸ்எஸ், யுலிப், கிளாம்பாக்கம் தாண்டி ஒரு பிளாட், புது கார் லோன் எதுவும் இப்போ வேண்டாம். கிளாபேக் இருக்கிற ரிடென்ஷன் போனஸ் கொடுத்தாங்கன்னா, எத்தனை மாசத்துக்குள்ள போனா எவ்வளவு திருப்பிக் கொடுக்கணும்னு படிச்சுட்டுக் கையெழுத்துப் போடுங்க.

எந்த மாசம் விமானம் ஏறுறீங்கங்கிறதுலயும் வரி இருக்கு

இந்தப் பகுதி கொஞ்சம் கனமானது. மெதுவா படிங்க.

இந்தியப் பக்கம்: ஏப்ரல் முதல் மார்ச் வரை, 182 நாள் இந்தியாவுல இருந்தா நீங்க வரிக்கு ரெசிடென்ட். அது இல்லாம, அந்த வருஷத்துல 60 நாளும் அதுக்கு முந்தின 4 வருஷத்துல மொத்தம் 365 நாளும் இருந்தாலும் ரெசிடென்ட்தான். வெளிநாட்டு வேலைக்காகக் கிளம்புற இந்தியக் குடிமக்களுக்கு அந்த 60 நாள், 182 நாளா தளர்த்தப்படுது. "ஆகஸ்ட்ல போனா என்ஆர்ஐ ஆயிடலாம்"னு நீங்க கேள்விப்பட்டது இதைத்தான். ஆனா கையில வேலை இல்லாம, துணையோட சேர்ந்து வாழக் கிளம்புறவருக்கு இந்தச் சலுகை தானா பொருந்தும்னு எடுத்துக்க முடியாது. அப்படிப் பார்த்தா, மே மாசக் கடைசிக்கு மேல கிளம்புற பெரும்பாலானவங்க அந்த வருஷம் முழுக்க இந்தியாவுல ரெசிடென்ட். அடுத்த மார்ச் 31 வரைக்கும் அங்க சம்பாதிச்சதையும் இங்க ரிட்டர்ன்ல காட்டணும். இந்தியா – அமெரிக்கா வரி ஒப்பந்தம் இருக்கிறதால ஒரே வருமானத்துக்கு ரெண்டு தடவை முழு வரி கட்ட வேண்டியதில்ல. ஆனா காட்டாம விடக்கூடாது.

அமெரிக்கப் பக்கம்: குடியேற்ற விசாவோட நுழையுற நாள்லயே நீங்க நிரந்தரக் குடியிருப்பாளர். அன்னையிலிருந்து உலகத்துல எங்க வருமானம் வந்தாலும் அமெரிக்காவுல காட்டணும். உங்க இந்தியக் கணக்குகள் எல்லாம் சேர்ந்து வருஷத்துல ஒரு நாளாவது 10,000 டாலரைத் தாண்டினா எஃப்பார்ங்கிற அறிக்கை தனியா தாக்கல் பண்ணணும். இந்திய மியூச்சுவல் ஃபண்டுகளை அவங்க பிஎஃப்ஐசி என்கிற வகையில வைப்பாங்க. அதுக்கு 8621ங்கிற தனிப் படிவம், கடுமையான வரிக் கணக்கு. மாசம் 5,000 எஸ்ஐபி போட்டவர், அந்தப் படிவத்துக்கு ஆடிட்டர் ஃபீஸ் கேட்டு அசந்து போயிருக்கார்.

அப்போ கிளம்புறதுக்கு முன்னாடி ஃபண்டை வித்துடலாமா? பல பேருக்கு அது நல்ல யோசனைதான். இந்தியாவுல ஈக்விட்டி ஃபண்டை ஒரு வருஷத்துக்கு மேல வெச்சிருந்து வித்தா, வருஷத்துக்கு 1.25 லட்சம் லாபம் வரைக்கும் வரி இல்ல. அதுக்கு மேல 12.5 சதவீதம். ஆனா ஒரு சிக்கல் இருக்கு. அந்த வருஷம் கணவரோட சேர்ந்து கூட்டு ரிட்டர்ன் போடணும்னு தேர்ந்தெடுத்தா, ஜனவரி 1 முதல் உங்க இந்தியச் சம்பளமும் இந்த லாபமும்கூட அமெரிக்கக் கணக்குக்குள்ள வந்துடலாம். அதனால விக்கிறதுக்கு முன்னாடி அங்க ஒரு சிபிஏகிட்ட ஒரு மணி நேரம் பேசுங்க. அந்த ஃபீஸ் வீண் போகாது.

இதையும் விசா கைக்கு வந்த பிறகுதான் செய்யணும். பாஸ்போர்ட் வந்த நாளுக்கும் விமானம் ஏறுற நாளுக்கும் நடுவுல இதுக்குப் போதுமான நேரம் இருக்கும். இப்போ காத்திருக்கும்போது நீங்க செய்ய வேண்டியது, என்னென்ன ஃபண்ட், எப்போ வாங்கினது, எவ்வளவு லாபம்னு ஒரு எக்செல் ஷீட் தயார் பண்றது மட்டும்தான்.

பாஸ்போர்ட் கைக்கு வந்த அன்னைக்கு

வரிசையா செய்யுங்க.

முதல்ல விசாவுல உங்க பேர், பிறந்த தேதி, கடைசி நாள் சரியா இருக்கான்னு பாருங்க. நம்ம ஊர்ல பல பேர் பாஸ்போர்ட்ல சர்நேம் கட்டம் காலியா இருக்கும். அப்படி இருந்தா விசாவுல உங்க பேர் சர்நேம் இடத்துக்குப் போய், முதல் பேருக்கு எஃப்என்யூன்னு வரும். அது தப்பு இல்ல, அவங்க வழக்கம். ஆனா அங்க வங்கிக் கணக்கு, லைசென்ஸ் எல்லாத்துலயும் அது தொடரும்னு தெரிஞ்சுக்கோங்க.

ரெண்டாவது, நோட்டீஸ் கணக்கைப் போட்டுட்டுப் பேப்பர் போடுங்க.

மூணாவது, டிக்கெட். விசா கடைசி நாளுக்கு ரெண்டு வாரமாவது முன்னாடி இருக்கட்டும்.

நாலாவது, வங்கி. நிரந்தரமா கிளம்பிட்டா சாதாரண சேவிங்ஸ் கணக்கை என்ஆர்ஓ கணக்கா மாத்தணும். டீமேட், மியூச்சுவல் ஃபண்ட் கேஒய்சியும் அப்படியே. இருக்கிற பிபிஎஃப் கணக்கை முதிர்வு வரைக்கும் தொடரலாம், நீட்டிக்க முடியாது, புதுசாவும் தொடங்க முடியாது.

அஞ்சாவது, இந்திய மொபைல் நம்பரை உயிரோட வையுங்க. ரோமிங்ல எஸ்எம்எஸ் வர்ற மாதிரி ஒரு சின்ன பிளான் போதும். பிஎஃப், வங்கி, வருமான வரி மூணுமே அந்த நம்பர்லதான் இருக்கு. ஃபார்ம் 16, ரிலீவிங் லெட்டர், கடைசி பேஸ்லிப் எல்லாத்தையும் ஆபீஸ் மெயில் மூடுறதுக்கு முன்னாடி எடுத்து வெச்சுடுங்க.

அப்புறம் அந்தப் பொண்ணுக்கு என்ன ஆச்சு?

திங்கட்கிழமை மேனேஜர்கிட்ட உண்மையைச் சொல்லிக் கேட்டாங்க. ராஜினாமாவை வாபஸ் வாங்க முடியல, அந்த இடத்துக்கு ஆள் எடுத்துட்டாங்க. கடைசி நாளை ரெண்டு மாசம் தள்ளிக் கொடுத்தாங்க. விசா வந்தது இன்டர்வியூ முடிஞ்சு ஏழு மாசம் கழிச்சு. நடுவுல ஒரு தடவை மறு மெடிக்கல்.

அவங்களுக்கு நான் போட்டுக் கொடுத்த கணக்கு இது. சம்பளம் இல்லாத 4 மாசம்: 2,88,000 ரூபாய். இன்டர்வியூ சமயத்துல 4 வருஷம் 2 மாசம் சேவை. விசா வந்த பிறகு பேப்பர் போட்டு 90 நாள் நோட்டீஸ் முடிச்சிருந்தா சரியா 5 வருஷம் ஆகியிருக்கும். அந்த கிராஜுவிட்டி 1,03,846. ரெண்டும் சேர்த்து 3,91,846 ரூபாய். அப்பாவுக்கு அவசரமா எடுத்த பாலிசி இதுல சேரல.

ஒரு நல்லதும் நடந்தது. அமெரிக்காவுக்குள்ள நுழையுற நாள்ல கல்யாணமாகி 2 வருஷம் முடியலன்னா, 2 வருஷ நிபந்தனை கிரீன் கார்டுதான் கிடைக்கும். முடியும்போது நிபந்தனையை நீக்க மறுபடி மனு, கட்டணம், காத்திருப்பு. இவங்க நுழைஞ்சப்போ 2 வருஷம் தாண்டிடுச்சு, நேரா 10 வருஷ கார்டு. உங்க திருமண நாள் பக்கத்துல இருந்தா, இந்தத் தேதியையும் கேலண்டர்ல குறிச்சு வெச்சுக்கோங்க.

போறதுக்கு முந்தின நாள் போன் பண்ணாங்க. "அந்த நாலு மாசம் பணம் போனது கூடப் பரவாயில்ல சார். காலையில எழுந்து போக ஒரு இடம் இல்லாம, விசா வெப்சைட்டை மட்டும் பார்த்துக்கிட்டு இருந்ததுதான் தாங்க முடியல" என்றார்.

நான் கணக்குல காட்டாம விட்ட வரி அது. வேலை இருந்தா, சொந்தக்காரங்க "என்னம்மா, எப்போ கிளம்புற?"னு கேட்கும்போது "வந்ததும் சொல்றேன் அத்தை, ஆபீஸுக்கு நேரமாச்சு"ன்னு சொல்லிட்டுக் கிளம்பிடலாம். அப்ரைசல் வந்தா வாங்கிக்கலாம். புது ப்ராஜெக்ட் கொடுத்தா கத்துக்கலாம். நாளைக்கு அங்க வேலை தேடும்போது ரெஸ்யூம்ல அதுதான் நிக்கும். விசா கேஸ் பத்தி ஆபீஸ்ல யார்கிட்டயும் முன்கூட்டியே சொல்லணும்னு கட்டாயம் இல்ல. ஆனா நேரடியா கேட்டா பொய் சொல்லாதீங்க.

இன்னைக்கு ராத்திரி ஒரு அரைமணி நேரம் ஒதுக்குங்க. ஒரு தாள்ல நாலு விஷயம் எழுதுங்க: மெடிக்கல் முடியுற தேதி, உங்க நோட்டீஸ் நாட்கள், 5 வருஷ சேவை முடியுற தேதி, திருமணத்தின் 2 வருஷம் முடியுற தேதி. வீடியோ கால்ல துணைக்கும் காட்டுங்க. எப்போ பேப்பர் போடணும்ங்கிற கேள்விக்கு அந்தத் தாளே பதில் சொல்லும்.

விசா சீக்கிரம் வரட்டும். வர்ற வரைக்கும் சம்பளம் மாசா மாசம் வரட்டும்.

அடுத்த வாரம், கிளம்புறதுக்கு முன்னாடி அப்பா அம்மாவுக்கு எழுதிக் கொடுக்கிற பவர் ஆஃப் அட்டர்னி பத்தி வீடியோவுல பேசுவோம்.